ஸ்டியரிங் கல்லாக இறுகினால்: பழைய பிக்கப்புக்கு டயரிலிருந்து பம்ப் வரை ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலை மீன் சந்தைப் பக்கம் விடியற்காலையில் பிக்கப்பைத் திருப்பி எடுப்பவருக்கு ஸ்டியரிங்கின் அருமை தெரியும். ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, மறுபக்கம் ஓட்டோ, இடையில் சைக்கிளில் மீன் கூடையோடு ஒருவர். மூன்று தடவை முன்னே பின்னே எடுத்தால்தான் வாகனம் திரும்பும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் இறுகி நின்றால் உங்கள் தோள்மூட்டு நோவதோடு போகாது, பக்கத்தில் நிற்பவரின் காலுக்கும் ஆபத்து. இரவில் பிரட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் வீதிக்கு இறங்கும் ஊர் இது. சட்டென்று ஒடித்து விலக முடியாத வாகனத்தை இங்கே ஓட்டக் கூடாது.

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப், எல்.என். 106. மாமாவிடமிருந்து வந்தது. நிலாவெளிக் கரையில் வள்ளம் இழுத்த வாகனம். ஒரு கச்சான் காலத்தில் ஸ்டியரிங் கனக்கத் தொடங்கியது. ஒரு கராஜில் காட்டினேன், பம்ப் போய்விட்டது என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் பம்ப் எடுப்பித்துப் பூட்டினோம். காசு போனது, கனம் போகவில்லை. கடைசியில் வயதான ஒரு பாஸ் முன்பக்கத்தை ஜக் அடித்துத் தூக்கி, ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்குப் போகும் ரொட்டைக் கழற்றிவிட்டு, சில்லைக் கையால் திருப்பச் சொன்னார். அசையவில்லை. "தம்பி, வருத்தம் பம்பில இல்ல, காலிலதான்" என்றார். சில்லு திரும்பும் இடத்தில் இருந்த கிங் பின் பெயாரிங்குகள் உப்பும் மணலும் ஏறித் துருப்பிடித்து இறுகியிருந்தன.

அன்றிலிருந்து நான் யாருக்கும் சொல்வது இதுதான். கனத்தைக் கை உணர்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கீழே பிறக்கிறது. அதனால் தேடலை நிலத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள். காசு செலவாகாத சோதனைகள் முதலில், பம்ப் கடைசியில். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பிக்கப்புகளின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இருப்பதைச் சரியாகப் பார்த்து ஓட்டுவதுதான் நம்மில் பலருக்கு வழி.

தொடங்கும் முன் ஒன்று: புதிதாக வாங்கிய பழைய வாகனம் என்றால் அதில் பவர் ஸ்டியரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிக்கப்புகளில் சில மொடல்கள் அது இல்லாமலே வந்தன. பொனட்டைத் திறந்தால் பெல்ட்டில் ஓடும் ஒரு சிறிய பம்பும், அதற்குப் போகும் ஒயில் டாங்கியும், தடித்த ஹோஸும் தெரிய வேண்டும். அவை இல்லையென்றால் கனம் அதன் இயல்பு.

முதலில் கை சொல்வதைக் கேளுங்கள்

ஸ்பனரைத் தொடாமல் ஒரு நாள் கவனித்து ஓட்டுங்கள். கனம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அந்தத் துண்டு பாதி வேலையை முடித்துவிடும்.

வளைவில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முன்சில்லுகளைப் பொருத்தியிருக்கும் சாய்வினால், நல்ல வாகனம் வளைவு முடிந்ததும் தானே நேராகும். நிற்கும்போது கனமாக இருந்து, ஓட்டத்தில் இலேசாகி, வளைவு முடிந்ததும் நேராகவும் வந்தால், பெரும்பாலும் பவர் உதவி குறைந்திருக்கிறது, அல்லது டயரில் காற்று இல்லை. மாறாக, எந்த வேகத்திலும் கனம், ஒடித்த இடத்திலேயே ஸ்டியரிங் நிற்கிறது, நேர் வீதியிலும் இடம் வலமாகத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது என்றால், ஏதோ ஒரு மூட்டு இறுகிவிட்டது. அதற்கு எத்தனை பம்ப் மாற்றினாலும் பயன் இல்லை.

ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகினால், ஸ்டியரிங் தண்டில் உள்ள குரொஸ் ஜொயிண்டைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கம் ஒடிக்க மட்டும் கனம் என்றால் ஸ்டியரிங் பொக்ஸுக்குள் (தண்டின் சுற்றலை ரொட்டுக்கு மாற்றும் பற்சக்கரப் பெட்டி) இருக்கும் வால்வு அல்லது சீல். காலையில் கனத்து, சூடேற இலேசானால் உள்சீல்கள் விறைத்துத் தேய்ந்துவிட்டன. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக நண்பகல் வெயிலில் ஓடிவந்து, நகரத்துக்குள் நிறுத்த முயலும்போது மட்டும் கனத்தால், பம்ப் உள்ளே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒயில் சூட்டில் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளேயே கசிந்து, அழுத்தம் ஏறாமல் போகிறது.

சத்தத்தையும் எழுதுங்கள். ஒடிக்கும்போது "கிரீச்" என்று கத்தினால் பெல்ட். "ஊ..." என்று முனகினால் ஒயில் குறைவு அல்லது காற்று.

டயர்

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். கடற்கரை மணலில் இறங்குபவர்கள் புதையாமல் இருக்கக் காற்றைக் குறைப்பார்கள். 30 பி.எஸ்.ஐ. இருந்த டயரை 18 க்கு இறக்கி, வேலை முடிந்ததும் மறந்து அப்படியே வீடு வருவார்கள். அடுத்த நாள் ஸ்டியரிங் கனக்கும். வெறும் வாகனத்தில் முன்டயர்கள் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது சாரதிக் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். அது அழிந்துபோயிருந்தால் டயர் கடையில் உங்கள் டயர் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

அழகுக்காக அகலமான டயர் போட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நிலத்தில் படும் பரப்பு கூடினால் நின்ற இடத்தில் ஒடிக்கும் கனமும் கூடும். பம்பையும் பொக்ஸையும் அது நாளாந்தம் வருத்தும். கம்பனி சொன்ன அளவுக்கே திரும்பிப் போவது நல்லது.

பெல்ட்டும் ஒயிலும்

என்ஜினை நிறுத்திவிட்டுப் பம்ப் பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்துங்கள். சுமார் 10 மில்லிமீற்றர் அமுங்கினால் சரி. அதைவிட நிறையத் தொய்ந்தால் இறுக்க வேண்டும். பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால் இறுக்கியும் பயனில்லை, மாற்றுங்கள். ஒயில் பட்டு ஊறிய பெல்ட்டும் அப்படித்தான். ஆனால் ஒயில் எங்கிருந்து வந்தது என்று முதலில் கண்டுபிடிக்காமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் கெட்டுவிடும். மாரி மழையில் மட்டும் கனத்து, வெயிலில் சரியாகிவிடும் ஸ்டியரிங்குக்குப் பெரும்பாலும் தளர்ந்த பெல்ட்தான் காரணம். அளவுக்கு மீறி இறுக்குவதும் பிழை. பம்பின் பெயாரிங் போய்விடும்.

சில என்ஜின்களில் பம்புக்குத் தனி பெல்ட். வேறு சிலவற்றில் அதே பெல்ட்தான் மற்றவற்றையும் ஓட்டுகிறது. ஓட்டத்தில் என்ஜின் நிற்காமலே திடீரென்று ஸ்டியரிங் கனத்து, பற்றரி விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கிறது. ஸ்டியரிங் அப்போதும் வேலை செய்யும், கனமாக இருக்கும், அவ்வளவுதான். பதறாமல் ஓரம் கட்டுங்கள். அந்த பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டுவதாக இருந்தால் என்ஜின் கொதித்துவிடும், தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

அடுத்தது ஒயில். டாங்கி மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மணலை ஒரு துணியால் துடைத்தெடுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் பம்பை அரைத்துவிடும். ஆறியிருக்கும்போது ஒரு கோடு, சூடாக இருக்கும்போது ஒரு கோடு என்று இரண்டு அளவுகள் இருக்கும், அந்தந்த நிலைக்கு உரியதைப் பாருங்கள். ஹைலக்ஸ் போன்ற பல பழைய ஜப்பான் பிக்கப்புகளில் போடுவது டெக்ஸ்ரன் வகை ஏ.டி.எஃப். (ஓட்டோமெட்டிக் கியர் ஒயில்), சிவப்பு நிறம். எந்த ஒயில் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். அதைத்தான் போட வேண்டும்.

ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. கறுத்து, கருகிய மணம் வந்தால் மாற்ற வேண்டும். வெயிலில் பிடிக்கும்போது வெள்ளித் தூள்போல் மினுங்கினால் பம்பின் உலோகம் தேய்கிறது. இளஞ்சிவப்பில் நுரைத்திருந்தால் உள்ளே காற்று போகிறது. அவசரத்துக்கு யாரோ பிரேக் ஒயில் ஊற்றியிருந்தால் சீல்களும் ஹோஸ்களும் ஊதிப் பழுதாகிவிடும், அதற்கு முழுச் சீல் கிட் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிரேக் ஒயிலை இதில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பம்பின் முன்பக்கம், ஹோஸ் மூட்டுகள், பொக்ஸின் கீழ்ப்பக்கம், தண்டு நுழையும் மேல்பக்கம் எல்லாம் பாருங்கள். என்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஒடித்துப் பிடிக்கும்போது அழுத்தக் குழாயில் ஆயிரம் பி.எஸ்.ஐ. க்கு மேல் ஏறும். ஊசித் துளையிலிருந்து பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். சூடான எக்ஸோஸ்ட்டில் ஒயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும், அந்தக் கசிவை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஜக் அடித்துப் பிரித்துப் பார்ப்பது

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. கனம் மூட்டிலா, ஒயிலிலா என்பதை இங்கே பிரித்துவிடலாம்.

சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். நம் ஊர் மணல் முற்றத்தில் செய்வதென்றால் தடித்த பலகை போட்டு அதன் மேல்தான் ஜக். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கை பிரேக்கை இழுத்து, கியரில் போடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். செங்கல் அடுக்கியும் போகாதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும்.

இரண்டு முன்சில்லும் காற்றில் நிற்கும்போது, என்ஜினை நிறுத்தியே வைத்து, சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே ஒயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் சிறிது கனம் இருக்கும். அது ஒரே சீராக இருக்க வேண்டும். எங்காவது பிடித்தால், கறகறவென்று உராய்ந்தால், இரு கையும் தேவைப்பட்டால் மூட்டுப் பக்கம்தான் குற்றம். சீராக, இலேசாக வந்தால் பம்ப், ஒயில், பொக்ஸின் வால்வு என்ற பக்கம் போகலாம்.

மூட்டு என்று தெரிந்தால் எந்த மூட்டு? பொக்ஸின் கையிலிருந்து வரும் ரொட்டின் ஒரு முனையைக் கழற்றுங்கள். ஸ்ப்ளிட் பின்னை இழுத்தெடுத்து, நட்டைச் சில சுற்றுத் தளர்த்தி, அதைப் பிரிக்கும் கருவியால் விடுவியுங்கள். சுத்தியலால் ரொட் முனையின் மேல் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். இப்போது இரண்டு பாதிகள் உங்கள் முன் இருக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், அது இலேசாக வந்தால் மேல்பாதி நல்லது. சில்லைக் கையால் பிடித்து இடம் வலம் தள்ளுங்கள், இறுகியிருந்தால் கீழ்ப்பாதி. இரண்டு சில்லையும் இணைக்கும் டை ரொட்டையும் கழற்றினால் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் தெரிந்துவிடும்.

கீழ்ப்பாதியில் என்ன இருக்கும்? முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே அச்சும் உள்ள நாலு சில்லு இழுவை வாகனம் என்றால் கிங் பின் பெயாரிங்குகள். அவை இருக்கும் உருண்டைக் கூட்டுக்குள் கிரீஸ் நிரம்பியிருக்க வேண்டும். உள்சீல் தேய்ந்தால் டிஃபரன்ஷல் ஒயில் வந்து கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். வெளிச்சீல் கிழிந்தால் கடல்நீர் போகும். என் வாகனத்தில் இரண்டுமே நடந்திருந்தன. கழற்றியபோது வந்தது கிரீஸ் இல்லை, துருநிறச் சேறு. பெயாரிங்குகளையும் சீல்களையும் மாற்றி, உருண்டையின் மேல் இருந்த துருவை நுண்ணிய எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுக் கிரீஸ் நிரப்பினோம். பூட்டும்போது மேல் கீழ் மூடிகளில் இருந்த ஷிம் தகடுகளை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் வைக்க வேண்டும். கலந்துவிட்டால் பெயாரிங் இறுகும், அல்லது தளரும்.

தனித்தனி முன்சஸ்பென்ஷன் உள்ள பிக்கப்பில் மேலும் கீழும் உள்ள "போல் ஜொயிண்டுகள்" (பந்து மூட்டுகள்) இந்த வேலையைச் செய்கின்றன. ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும்வரை புதிது அடியுங்கள். கிரீஸ் ஏறாவிட்டால், ஏறியும் இறுக்கம் போகாவிட்டால் மாற்றுங்கள். கிரீஸில் ஒருநாள் இலேசாகி மறுநாள் இறுகும் போல் ஜொயிண்டை நம்பி மூதூர் வரை ஓடாதீர்கள். ஐட்லர் கை (பொக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் ரொட்டைத் தாங்கும் கை) இருக்கும் வாகனத்தில் அதன் புஷ்ஷும் துருப்பிடித்து இறுகும். பலர் அதைப் பார்ப்பதேயில்லை.

மேல்பாதி இறுகியிருந்தால் பொக்ஸுக்கு மேலே தண்டில் உள்ள குரொஸ் ஜொயிண்டைப் பாருங்கள். என்ஜின் சூடும் மழைநீரும் படும் இடம் அது. அடையாளமிட்டு, தண்டைப் பொக்ஸிலிருந்து கழற்றி, ஜொயிண்டைக் கையில் எல்லாத் திசையிலும் மடித்துப் பாருங்கள். ஒரு திசையில் பிடித்தால் அதுதான் கள்ளன். ஊடுருவும் எண்ணெய் விட்டால் தற்காலிகமாக இளகும், அதை வைத்துக் கடை வரை போகலாம், அதற்கு மேல் போகாதீர்கள். இந்த ஜொயிண்ட் நடுவழியில் இறுகினால் ஸ்டியரிங் திரும்பவே திரும்பாது. மீண்டும் பூட்டும்போது அடையாளத்துக்கு நேராக வையுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் சாய்ந்து நிற்கும்.

பொக்ஸின் மேலுள்ள ஸ்குரூ

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குற்றம் வாகனத்தில் வந்ததில்லை, கையால் வந்தது. பழைய ஸ்டியரிங் பொக்ஸின் மேல் நட்டுப் போட்ட ஒரு ஸ்குரூ இருக்கும். ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று போனால் சில இடங்களில் முதலில் அதை இறுக்குவார்கள். ஆட்டம் குறையும். ஆனால் உண்மையான ஆட்டம் தேய்ந்த டை ரொட் முனைகளில் இருந்தது. இப்போது பொக்ஸின் பற்கள் நேர் நிலையில் ஒன்றையொன்று நெரிக்கும். ஸ்டியரிங் நேரில் கனத்து, வளைவிலிருந்து திரும்பாது.

ரொட் கழற்றிய நிலையில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்புங்கள். நடுவில் மிகச் சிறிது கூடுதல் பிடிப்பு இயல்பு. நடுவில் நின்று இறுகினால் ஸ்குரூ அதிகம். சோக்கால் அடையாளமிட்டு, நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னே விட்டு, ஸ்குரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். திருப்பிப் பாருங்கள். ஒரே தடவையில் நிறையத் தளர்த்தாதீர்கள், வீதியில் வாகனம் அலையும்.

ஒயில் ஓடும் பாதை

மூட்டுகள் இலேசாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். இதிலும் மலிவானது முதலில். டாங்கியின் அடியில் சில வாகனங்களில் வலை வடி ஒன்று இருக்கும். பல வருட அழுக்கு அதை அடைத்தால் பம்புக்கு ஒயில் போதாது, முனகலோடு கனம் வரும். டாங்கியைக் கழற்றிக் கழுவி, முற்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள்.

டாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் ஹோஸ். அதன் கிளிப் தளர்ந்தால் ஒயில் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கசிவே இல்லாமல் ஒயில் நுரைக்கிறது. கிளிப்பையும் ஹோஸையும் மாற்ற அதிகம் செலவில்லை. திரும்பி வரும் ஹோஸின் உட்தோல் உரிந்து மடிந்தாலும் பாதை அடைபடும். வெளியே பார்க்க நல்ல ஹோஸாகவே இருக்கும். அழுத்திப் பார்த்து மொரமொரத்தால், அல்லது பஞ்சுபோல் அமுங்கினால் மாற்றுங்கள்.

என்ஜினின் ஐட்லிங் வேகமும் முக்கியம். பழைய டீசல் என்ஜின் 700, 800 சுற்றில் நிற்க வேண்டியது 500 க்கு இறங்கி நடுங்கினால் பம்பும் அந்த அளவுக்குத்தான் தள்ளும். அக்சிலேட்டரை சிறிது மிதித்ததும் ஸ்டியரிங் இலேசானால் முதலில் ஐட்லிங்கைச் சரி செய்யுங்கள்.

பம்பா, பொக்ஸா?

கருவி இல்லாமல் ஒரு குறிப்பு எடுக்கலாம். என்ஜின் ஓடும்போது ஒரு பக்கம் கோடி வரை ஒடித்து இரண்டு மூன்று வினாடி மட்டும் பிடியுங்கள். என்ஜின் சத்தம் தாழ்ந்து, "ஸ்ஸ்" என்ற இரைச்சல் வந்தால் பம்ப் அழுத்தம் கொடுக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பம்பிலோ பொக்ஸிலோ அழுத்தம் நழுவுகிறது. நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், ஒயில் கொதித்துப் பம்பைச் சுடும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அழுத்தக் கேஜ் வேண்டும். பம்புக்கும் பொக்ஸுக்கும் இடையில் வால்வோடு கூடிய கேஜைப் பூட்டி, காற்றை எடுத்து, ஒயிலைச் சூடாக்கி, வால்வை மூடி அளவு பார்ப்பார்கள். 10 வினாடிக்கு மேல் மூடக் கூடாது. மூடியபோதே அழுத்தம் குறைவு என்றால் பம்ப். மூடியபோது நல்ல அழுத்தம், வால்வைத் திறந்து ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்துப் பிடித்தால் குறைவு என்றால் பொக்ஸுக்குள் சீல் கசிகிறது. பம்ப் வாங்கச் சொல்பவரிடம் இந்தச் சோதனை செய்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். செய்யும் கருவி இல்லையென்றால், அது இருக்கும் கராஜைத் தேடிப் போகும் செலவு பம்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பம்ப் என்றே வந்தாலும் உடனே வீச வேண்டாம். பம்புக்குள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய உருளை வால்வு ஒன்று ஸ்பிரிங்கோடு இருக்கும். அழுக்கில் அது சிக்கினால் உதவி வராது. கழற்றி, சுத்தமான ஒயிலில் நனைத்து, அதன் துளையில் விடுங்கள். தன் பாரத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். சிக்கினால் கழுவிப் பாருங்கள், கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள். எமரித் தாளால் தேய்க்காதீர்கள். இந்த வால்வில் மயிரிழை இடைவெளிதான் எல்லாம்.

ஒயில் மாற்றிக் காற்று எடுப்பது

பம்போ பொக்ஸோ மாற்றினால் பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றாமல் விடாதீர்கள். பழைய பம்பின் உலோகத் தூள் புதுப் பம்பை ஒரு வருடத்தில் தின்றுவிடும். இரண்டு லீற்றர் ஏ.டி.எஃப். வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்சில்லுகள் காற்றில் நிற்கட்டும். திரும்பி வரும் ஹோஸை டாங்கியில் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, டாங்கியின் அந்த வாயை அடையுங்கள். டாங்கியை நிரப்பி, என்ஜினை ஓட்டாமல், ஒருவர் ஸ்டியரிங்கைக் கோடியிலிருந்து கோடிக்கு மெதுவாகத் திருப்ப, மற்றவர் டாங்கி வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போத்தலில் விழுவது தெளிந்த சிவப்பாகும் வரை இதைச் செய்யுங்கள். அப்புறம் ஹோஸைப் பூட்டி, அளவை நிரப்பி, என்ஜின் நிறுத்திய நிலையிலேயே இருபது தடவை வரை மெதுவாகத் திருப்புங்கள். குமிழிகள் வருவது நின்ற பிறகுதான் என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐட்லிங்கில் சில தடவை கோடி வரை திருப்பி, கோடியில் பிடிக்காமல் விடுங்கள்.

காற்று போய்விட்டதா என்று பார்க்க நல்ல வழி உண்டு. என்ஜின் ஓடும்போது டாங்கியில் ஒயில் எங்கே நிற்கிறது என்று குறித்து, என்ஜினை நிறுத்துங்கள். மட்டம் 5 மில்லிமீற்றருக்கு மேல் எழும்பினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அரை மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். அவசரப்பட்டால் நுரைதான் கூடும். பழைய ஒயிலை மண்ணிலோ கானிலோ ஊற்றாதீர்கள். நம் கான்கள் போய்ச் சேர்வது கடலில்.

கடலோர வாகனத்துக்கு

கரையில் இறங்கிய அன்றே நன்னீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மறுநாள் என்றால் உப்பு உள்ளே போய்விடும். அலைக்குள் முன்சில்லு இறங்கிய வாகனம் என்றால் அந்தக் கிழமையே கிரீஸ் அடியுங்கள். புரட்டாதி, ஐப்பசியில், வாடை மழை தொடங்கும் முன் ரப்பர் உறைகள் எல்லாவற்றையும் ஒரு டோர்ச் வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

ரொட் முனை எதைக் கழற்றியிருந்தாலும் பூட்டும்போது புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம். டை ரொட் நீளம் மாறியிருந்தால் அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள். எல்லாம் முடிந்ததும் நான் உட்துறைமுக வீதியில் மெதுவாக ஒரு சுற்றுப் போவேன். ஆளில்லாத இடத்தில் இரு பக்கமும் ஒடித்து, கையைத் தளர்த்தி, நேராக வருகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் வீட்டு வாசலில் ஒரு கடதாசி அட்டையை முன்பக்கத்துக்குக் கீழே விரித்து இரவு விடுவேன். காலையில் அட்டையில் சிவப்புப் பொட்டு இல்லையென்றால் மீன் ஏற்றப் போகலாம். இரண்டு நாள் ஓடிய பிறகு நட்டுகளின் இறுக்கத்தையும் ஒயில் மட்டத்தையும் இன்னொரு தடவை பாருங்கள்.